தூக்கத்துக்குக் காபி கொடுத்த வீடு

பன்னிரண்டு வீடுகளும் ஒரே ஒரு தண்ணீர்க் குழாயும் அந்தக் குழாயைப் பற்றித் தீராத பதின்மூன்று சண்டைகளும் உள்ள மரியதாஸ் காம்பவுண்டுக்கு, திண்டுக்கல்லில் வெயில் இறங்கி ஆஸ்பெஸ்டாஸ் கூரைகள் டப் டப்பென்று சூடு விட்டுக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு, கையில் ஒயர் கூடையும் கூடைக்குள் சுருட்டிய கோரைப்பாயுமாக, தூக்கம் நடந்து வந்தது.

பார்க்க ஐம்பது வயதுப் பொம்பளை மாதிரிதான் இருந்தது. துவைத்துத் துவைத்து என்ன நிறம் என்றே சொல்ல முடியாமல் போன ஒரு சேலை, அறுந்த வாருக்கு ஊக்கு குத்திய ரப்பர் செருப்பு, பிறந்த குழந்தையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு வருமே, அந்த மாதிரி ஒரு மெதுவான முகம். கேட்டை ஒட்டிய முதல் வீடு எமல்டாவுடையது. எமல்டா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"யாரு வேணும்?"

"நான் தூக்கம்மா. இந்தப் பன்னெண்டு வீட்டுக்கும் நான்தான். கண்ணுல படாம வந்துட்டுப் போயிருவேன். இன்னைக்கு என்னமோ முழங்கால் வலி தாங்கல. சித்த நேரம் உட்கார்ந்துட்டுப் போறேனே."

எமல்டா பத்து வருடம் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். நிமிர்ந்து உட்கார், நேராகப் பார், தெளிவாகப் பேசு என்று பிரம்பை வைத்துக்கொண்டு அவர்கள் சொல்லிக்கொடுத்தது எல்லாம் நாக்கில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. அதனால் காம்பவுண்டில் பாதிப் பேருக்கு அவளைக் கண்டால் ஆகாது. ஆனால் இருபத்து மூன்று வருடக் குடித்தனத்தில் வாசல் ஏறி வந்தவரைக் காபி கொடுக்காமல் அனுப்பிய பாவம் அவளிடம் கிடையாது. கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவனுக்கும், ஓட்டுக் கேட்டு வருகிறவனுக்கும், அந்த ஓட்டை வாங்கிக்கொண்டு அஞ்சு வருடம் கழித்து மறுபடி வருகிறவனுக்கும் காபியைக் கொடுத்துவிட்டுத்தான் திட்டுவாள். எனவே கீரையைத் தள்ளி வைத்துவிட்டு உள்ளே போய், அப்போதுதான் சொட்டி முடித்திருந்த முதல் டிகாக்‌ஷனை ஊற்றி, பாலைப் பொங்கவிட்டு, சர்க்கரை தூக்கலாகப் போட்டு, நுரை நிற்க ஆற்றிக் கொண்டுவந்து தூக்கத்தின் கையில் கொடுத்தாள்.

உலகம் உண்டான நாளிலிருந்து தூக்கத்துக்கு யாரும் காபி கொடுத்ததில்லை. கண்ணில் பட்டதே இல்லை, அப்புறம் எங்கிருந்து கொடுப்பது. ஒரு வாய் குடித்தது. இன்னொரு வாய் குடித்தது. கண் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது.

"இது என்னம்மா இது. உள்ளுக்குள்ள யாரோ ட்யூப்லைட் போட்ட மாதிரி இருக்கு."

"நல்லா இல்லையா?"

"இன்னொரு டம்ளர் கிடைக்குமா?"

கிடைத்தது. அன்றைக்கு மரியதாஸ் காம்பவுண்டில் யாரும் தூங்கவில்லை.

மறுநாள் குழாயடியில் பன்னிரண்டு குடமும் பன்னிரண்டு சிவந்த முகமும் வரிசையில் நின்றபோது, தூக்கம் நடுமுற்றத்தில் துவைக்கிற கல் மேல் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்து, போகிற வருகிறவரிடம் எல்லாம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தது. முழங்கால் வலி கூடப் போய்விட்டதாம். இன்றைக்கும் இங்கேயே இருக்கட்டுமா என்று கேட்டது. இருங்க இருங்க என்றார்கள். யாருக்கும் இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஊர்த் திருவிழாவுக்கு வந்த சித்தி இரண்டு நாள் கூடத் தங்கினால் ஆச்சரியமா படுவார்கள்.

முதலில் சந்தோஷப்பட்டவர்களும் உண்டு. ஒன்பதாம் நம்பர் வீட்டுத் தையல்காரி சகாயம், பெரிய கோவில் திருவிழாவுக்கு வாங்கி வைத்து முடியாமல் கிடந்த ஜாக்கெட் பதினாலையும் இரண்டே நாளில் தைத்துத் தள்ளினாள். காம்பவுண்டுக்குச் சொந்தக்காரரான மரியதாஸ் சார், தபால் ஆபீஸில் ரிட்டையர் ஆனதிலிருந்து எழுத வேண்டும் என்று வைத்திருந்த புகார்க் கடிதங்கள் முப்பதையும் எழுதி, தபால்தலை ஒட்டி, எழுதியதற்கும் சேர்த்து ஒரு புகார் எழுதினார். பஜ்ஜி வண்டிக்காரன் பொண்டாட்டி பாண்டீஸ்வரி, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு வருடமாகத் தேய்க்காத பித்தளைப் பாத்திரத்தை எல்லாம் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தாள். தூக்கம் போனால் இவ்வளவு நேரம் கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் முன்னாடியே விரட்டியிருக்கலாமே என்று கூடப் பேசினார்கள்.

அதற்கப்புறம் அதை உபசரிக்க ஆரம்பித்தார்கள். அங்கேதான் கெட்டது.

முதல் வீட்டுக் காபியை அது அவ்வளவு புகழ்ந்துவிட்டதா, மற்ற பதினொரு வீட்டுக்கும் மானப் பிரச்சினை ஆகிவிட்டது. நாலு மணிக்கு மரியதாஸ் சார் வீட்டில் காபி, ஐந்து மணிக்குச் சகாயம் வீட்டில் இஞ்சி தட்டிப் போட்ட டீ, ஆறு மணிக்குப் பாண்டீஸ்வரி புருஷன் வண்டியிலிருந்து மிளகாய் பஜ்ஜி ஒரு தட்டு, அது காரம் என்பதால் அதற்கு மேல் இன்னொரு காபி, ஏழரையிலிருந்து பத்து வரை டிவியில் ஒரு மாமியார் மருமகளுக்கு விஷம் வைத்து, மருமகள் மாமியாருக்கு விஷம் வைத்து, கடைசியில் இரண்டு பேரும் சாகாமல் அழுகிற நாடகம், பத்து மணிக்கு முக்குக் கடையிலிருந்து நாலு கொத்துப் பரோட்டா, சால்னா தனியாக. சகாயத்தின் மகள் தன் பழைய செல்போனைக் கொடுத்து வீடியோ தள்ளிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தாள். ஒரு தடவை தள்ளிய கட்டைவிரல் பிறகு நிற்கவே இல்லை. துவைக்கிற கல் மேல் உட்கார்ந்து, முகத்தில் நீல வெளிச்சம் அடிக்க, நெஞ்செரிச்சலுக்கு ஏப்பம் விட்டுக்கொண்டு, தூக்கம் விடிய விடிய முழித்திருந்தது.

ஒரு வாரத்தில் சிரிப்பு நின்றது. இரண்டாவது வாரத்தில் பேச்சு நின்றது. சகாயம் ஒரு ஜாக்கெட்டுக்கு மூன்று கை வைத்துத் தைத்துவிட்டு, மூன்றாவது கையை எங்கே நுழைப்பது என்று அழுதாள். பாண்டீஸ்வரியின் குழந்தை அழுகிற சத்தம்கூட வராமல், வாயைத் திறந்து திறந்து மூடியது. மரியதாஸ் சார் தன் வீட்டுக் கதவைத் தானே தட்டி, யாரும் திறக்கவில்லை என்று திண்டாடிக்கொண்டு நின்றார். வேறு ஊருக்குப் போய்த் தூங்கிவிட்டு வரலாம் என்று போனவர்கள், வத்தலக்குண்டிலும் நத்தத்திலும் அக்காள் வீட்டு மொட்டைமாடியில் படுத்து நட்சத்திரம் எண்ணிவிட்டுத் திரும்பி வந்தார்கள். அவர்களுடைய தூக்கம் இங்கே துவைக்கிற கல் மேல் உட்கார்ந்து பரோட்டா தின்றுகொண்டிருக்கும்போது அங்கே எப்படி வரும்.

எமல்டாவுக்கு மற்றவர்கள் கவலை இல்லை. அவள் அப்படித்தான். அவளுக்கு ஒரே ஒரு கவலை, அது அவள் புருஷன் பிரகாசம். அரசு பஸ் டிரைவர். விடிகாலை நாலு ஐம்பதுக்குக் கரூர் போகிற முதல் வண்டி அவருடையது. தூங்காத ஏழாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனார். பிரஷர் நார்மல், சுகர் நார்மல், கொஞ்ச நாள் கவலைப்படாமல் இருங்கள் என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரை வயிற்றுக்குள் போய் யாரையோ தேடிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தது. இருந்த லீவை எல்லாம் போட்டுப் பகலிலும் படுத்துக் கூரையைப் பார்த்தார். லீவு தீர்ந்தது. டிப்போவில் ஆள் இல்லை. போனார்.

பத்தொன்பதாம் நாள் மத்தியானம் கண்டக்டர் அய்யாவு அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, எமல்டாவை வாசலுக்குக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. வேடசந்தூர் தாண்டி, நல்ல ஓட்டத்துல சடன் பிரேக் அடிச்சுட்டார். வண்டியில அம்பத்திரெண்டு பேர். ஒரு பொம்பளைக்கு உதடு கிழிஞ்சிருச்சு. ரோட்டுல ஒரு காக்கா குருவி இல்ல."

அய்யாவு போனதும் எமல்டா கேட்டாள். "ஏங்க, என்னத்தைப் பார்த்தீங்க?"

"பள்ளிக்கூடப் பிள்ளைங்க. வரிசையா கையைப் பிடிச்சுக்கிட்டு ரோட்டைத் தாண்டுதுங்க. விடியக்காலை அஞ்சரைக்கு எந்தப் பள்ளிக்கூடம்." தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "பிரேக் அடிச்சதுல எனக்குப் பயம் இல்ல எமல்டா. நாளைக்கு நெசமாவே பிள்ளைங்க குறுக்க வரும். அதையும் பொய்யின்னு நெனச்சு ஏத்திருவேனோன்னுதான்."

எமல்டா எழுந்தாள். சேலையை இழுத்துச் செருகினாள். முற்றத்துக்குப் போய்த் துவைக்கிற கல் முன்னால் நின்று, தூக்கத்தின் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள்.

"வந்த ஆளு போக வேணாமா? பத்தொன்பது நாளாச்சு. உங்க வேலை என்ன, நீங்க பண்றது என்ன? வெட்கமா இல்ல?"

தூக்கம் அவளை நிமிர்ந்து பார்த்தது. அந்த மெதுவான முகம் எங்கேயோ போயிருந்தது. கண் இரண்டும் வெந்த தக்காளி மாதிரி இருந்தது.

"திட்டும்மா. நீ திட்டுனா நியாயம். உங்களுக்கெல்லாம் தூக்கம் வரலேன்னா என்னைத் தேடுறீங்க. எனக்கே தூக்கம் வரல. நான் யாரைப் போய்த் தேடுவேன்?"

எமல்டா பிடுங்கிய போனைத் தன் இடுப்பில் செருகினாள். சரி, ஒரு கைக்குழந்தையை எப்படிப் பழக்குவோமோ அப்படித்தான் என்று அன்றைக்கே ஆரம்பித்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் காபி, டீ, இரண்டும் கிடையாது. சாயங்காலம் முற்றத்தை நாலு சுற்று நடக்க வேண்டும். ஏழு மணிக்கு முன்னால் சாப்பாடு. அதுவும் குழைந்த பாசிப்பருப்புக் கஞ்சி, சீரகம் தாளித்தது, தொட்டுக்கக் கொத்தமல்லித் துவையல், எண்ணெயில் பொரித்த எதுவும் கூடாது. ஒரு மலை வாழைப்பழம். வெதுவெதுப்பான தண்ணீரில் காலைக் கழுவி, எட்டு மணிக்கு ஜாதிக்காய் இழைத்த பால் அரை டம்ளர், அதற்கு மேல் ஒரு சொட்டுக் கிடையாது, அப்புறம் எழுந்து எழுந்து போக வேண்டிவரும். டிவி கிடையாது. போன் கிடையவே கிடையாது. அதையெல்லாம் அவள் தூக்கத்துக்கு மட்டும் சொல்லவில்லை, வீடு வீடாகப் போய்ச் சொன்னாள், ஏனென்றால் பக்கத்து வீட்டில் வடை சுடும் வாசம் வரும்போது கஞ்சி குடிக்கிறவர் உலகத்தில் இல்லை.

"ஏழு மணிக்குச் சாப்பிட நாங்க என்ன ஆஸ்பத்திரியிலயா இருக்கோம்?" என்றாள் சகாயம்.

"இப்படியே போனா அங்கதான் இருப்ப. மூணு கை ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டு."

கேட்டார்கள். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். நாலு நாள் கழித்தும் தூக்கம் முழித்துக்கொண்டே இருந்தது. ஐந்தாம் நாள் சாயங்காலம், நாலாவது சுற்று நடக்கப் போன தூக்கம் திரும்பி வரக் காணோமே என்று தேடிப்போன எமல்டா, மரியதாஸ் சார் வீட்டுச் சமையலறையில், அடுப்புக்குப் பின்னால், டம்ளரும் கையுமாக அதைப் பிடித்தாள்.

"சார். நீங்களா?"

"கேட்டாங்கம்மா," என்றார் மரியதாஸ் சார், டிகாக்‌ஷன் பாத்திரத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு. "வீட்டுக்கு வந்துட்டு, கொஞ்சூண்டு காபி கிடைக்குமான்னு கேக்குறாங்க. முகத்தைப் பார்த்து இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

விசாரித்தால் மற்ற வீடுகளிலும் இதே கதை. வந்து கேட்டது, எப்படி இல்லை என்பது. தூங்காமல் செத்தாலும் சாவார்கள், வந்தவருக்கு இல்லை என்று சொல்ல நாக்கு வராது. எமல்டா அன்றைக்குத் தன் நாக்கை முழுசாக அவிழ்த்துவிட்டாள். பன்னிரண்டு வீட்டு ஃபில்டரையும், மேல் தட்டு கீழ்த் தட்டு மூடி குடை எல்லாவற்றோடும் பிடுங்கி ஒரு சாக்கில் கட்டி, தன் வீட்டுப் பரணில் போட்டுப் பூட்டினாள். பாண்டீஸ்வரி புருஷன் வண்டியை அடுத்த தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னாள். அம்பத்திரெண்டு பேர், என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னாள். அம்பத்திரெண்டு பேர், அதுல கைக்குழந்தை எத்தனையோ. அந்த நாக்குக்குப் பயந்து, காம்பவுண்டு முதல் முறையாக, வந்தவரை வெறும் வாயோடு அனுப்பியது.

ஆறு நாள் கஞ்சியும் இருட்டும். தூக்கத்துக்குத் தலைவலி வந்தது, போனது. கண் தெளிந்தது. அந்த மெதுவான முகம் திரும்பி வந்தது. ஏழாம் நாள் சாயங்காலம் கஞ்சியைக் குடித்து, காலைக் கழுவி, பாயை விரித்து உட்கார்ந்து, முப்பது நாளில் முதல் தடவையாகத் தூக்கம் கொட்டாவி விட்டது. முற்றத்தில் கூடியிருந்த அத்தனை பேரும் கூடவே கொட்டாவி விட்டார்கள். சகாயம் அழுதுவிட்டாள். ஆனால் தூக்கம் படுக்கவில்லை.

"இப்ப என்ன?" என்றாள் எமல்டா.

"எனக்குத் தூங்கிப் பழக்கம் இல்லம்மா. நான் கண்ணை மூடுனா எல்லாரும் மூடிருவாங்க, திறந்தா திறந்துருவாங்க. அப்ப என்னை யாரு பார்த்துக்குறது? பயமா இருக்கு. ஒருத்தராவது முழிச்சு உட்கார்ந்து, தலைக்கு மடி குடுங்க. மூணரைக்கெல்லாம் எந்திரிச்சிருவேன்."

ஒவ்வொருவராகத் தொண்டையைக் கனைத்தார்கள். மரியதாஸ் சாருக்குச் சர்க்கரை, டாக்டர் முழிக்கவே கூடாது என்றிருக்கிறார். சகாயத்துக்குக் காலையில் மிஷினில் உட்கார வேண்டும். பாண்டீஸ்வரி பால் கொடுக்கிறவள். ஆறாம் நம்பருக்கு மில் ஷிப்டு, எட்டாம் நம்பருக்குப் பரீட்சை. எல்லாம் நிஜமான காரணம்தான், ஒன்றையும் குறை சொல்ல முடியாது. அப்புறம் பாண்டீஸ்வரிதான், பாவம், எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல் சொன்னாள்:

"நீங்க வீட்டுல சும்மாதானேக்கா இருக்கீங்க."

எமல்டா அவளைப் பார்த்தாள். இருபத்து மூன்று வருடமாக அந்த வார்த்தைக்கு அவள் வைத்திருந்த பதில் ஒரு முழு நீளப் பதில். அதைச் சொல்ல ஆரம்பித்தால் விடிந்துவிடும். உள்ளே பிரகாசம் கஞ்சித் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். மறுநாள் நாலு ஐம்பதுக்கு முதல் வண்டி.

"ஆளுக்கொரு நாள் மாத்திக்கலாம்க்கா," என்றாள் சகாயம் அவசரமாக. "இன்னைக்கு மட்டும்."

எமல்டா பாயில் உட்கார்ந்து காலை நீட்டினாள். தூக்கம் அவள் மடியில் தலையை வைத்தது. ஒரு தலைக்கு அவ்வளவு கனம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. பன்னிரண்டு வீட்டுக் கனம். அது மூச்சை ஒரு தரம் இழுத்து விட்டது, அடுத்த மூச்சில் காம்பவுண்டு முழுவதும் சாய்ந்தது. நின்றவர்கள் நின்ற இடத்தில் மடங்கினார்கள், மரியதாஸ் சார் குழாயைக் கட்டிக்கொண்டு தூங்கினார், பாண்டீஸ்வரியின் குழந்தை அவள் தோளில் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டது. திறந்திருந்த கதவு வழியாக எமல்டா பார்த்தாள்: பிரகாசம் ஒரு வாய் கஞ்சியை எடுத்துக்கொண்டு போன கை பாதியில் நிற்க, தட்டின் மேலேயே சரிந்து, குறட்டை விட்டார். முப்பது நாளாக அவள் கேட்காத குறட்டை. முகத்தைத் துடைத்துவிடக்கூட அவளால் எழுந்து போக முடியவில்லை.

மறுநாள் சாயங்காலம் சகாயத்துக்கு அவசரத் துணி வந்துவிட்டது. அதற்கு மறுநாள் எட்டாம் நம்பருக்கு விருந்தாள். நாலாம் நாள் யாரும் முறையைப் பற்றிப் பேசவில்லை. தூங்குகிறவர்களுக்கு யார் முழித்திருக்கிறார்கள் என்று எப்படித் தெரியும். ஒரு மாதம் போனதும் எல்லாம் பாசிப்பருப்புக் கஞ்சியின் மகிமை என்று அவர்களே நம்பினார்கள். பேகம்பூரிலிருந்தும் நாகல் நகரிலிருந்தும் பொம்பளைகள் வந்து எமல்டாவிடம் செய்முறை எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். அவள் சீரகத்தைக்கூட விடாமல் சொன்னாள். மடியை மட்டும் சொல்லவில்லை.

பிரகாசத்திடமும் சொல்லவில்லை. அவர் கன்னத்தில் சதை பிடித்திருந்தது. வேடசந்தூர் ரோட்டில் இப்போது இருக்கிறது மட்டும்தான் தெரிகிறது என்றார்.

"உனக்குக் கண்ணுக்குக் கீழ கறுத்துக் கிடக்கே. நீ தூங்குறியா இல்லையா?"

சொன்னால் இன்றைக்கு நான் உட்காருகிறேன் என்பார். உட்காருவார், அந்த மாதிரி ஆள்தான். உட்கார்ந்துவிட்டு நாலு ஐம்பதுக்கு வண்டியை எடுப்பார்.

"வயசாகுது. உங்களுக்கு மட்டும் தலை கருகருன்னா இருக்கு? ஏழு ஆகப்போகுது, சாப்பிட்டு முடிங்க."

அவர் சாப்பிட்டார், காலைக் கழுவினார், பாலைக் குடித்தார். எமல்டா விளக்கை அணைத்துவிட்டு முற்றத்துக்குப் போய் உட்கார்ந்து காலை நீட்டினாள். தூக்கம் மடியில் தலையை வைத்து, பாதிக் கண்ணில் அவளைப் பார்த்தது.

"நீ எப்பம்மா தூங்குவ?"

"அவர் ரிட்டையர் ஆக இன்னும் ஆறு வருஷம் நாலு மாசம் இருக்கு," என்றாள் எமல்டா. "பேசாமத் தூங்குங்க."